தீபாவளி முடிந்த மறுநாள்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருமுனையில் ஒரு புது நாய் நிற்கும். கழுத்தில் பட்டை, அதில் அறுந்த கயிறு. கூப்பிட்டால் வராது, விரட்டினாலும் போகாது. "யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று கடந்துவிடாதே, கண்ணு. வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடி வந்ததாக இருக்கும். நாலு தெரு தள்ளி ஒரு வீடே தூங்காமல் அதைத் தேடிக்கொண்டிருக்கும்.

பாவம் பார்த்து வண்டியில் ஏற்றி வேறு பேட்டைக்குக் கொண்டுபோகாதே. தேடுகிறவர்கள் இந்தப் பக்கம்தான் வருவார்கள். பாய்ந்து பிடிக்கவும் வேண்டாம், பயந்த நாய் கடிக்கும். தண்ணீர் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி, முகத்தைத் திருப்பி உட்கார்ந்து மெதுவாகப் பேச்சுக் கொடு. பழகிவிட்டால் மாட்டு டாக்டரிடம் கூட்டிப்போ. தோலுக்கடியில் அரிசி அளவு மைக்ரோசிப் இருந்தால், கருவி வைத்துப் பார்த்து அதன் 15 இலக்க எண்ணைச் சொல்லிவிடுவார். பதிவு செய்திருந்தால் அதை வைத்தே வீட்டைக் கண்டுபிடிக்கலாம். காது நுனியில் வெட்டு இருந்தால் கதை வேறு. அது கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்ட தெருநாய்.

கடித்தாலும் கீறினாலும் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதே. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

தொலைந்தது உன் வீட்டுப் பிராணி என்றால், ஃபோனில் படம் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதே. இறங்கி நட. டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, இஸ்திரி வண்டி, விடியற்காலையில் தெருக் கூட்டும் அக்கா என்று ஒருவரையும் விடாமல் கேள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை பெரும்பாலும் தூரம் போயிருக்காது. பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியிலோ பழைய சாமான்களுக்குப் பின்னாலோ, நீ கூப்பிடுவது காதில் விழுந்தும் குரல் கொடுக்காமல் பதுங்கியிருக்கும். ஊர் அடங்கியபின் டார்ச் அடித்துப் பார், கண் மின்னும்.

வயதாகிவிட்டது, வீடு மாறுகிறோம் என்று வளர்த்த ஜீவனை இறக்கிவிட்டுப் போகிறவர்களை என்னால் மன்னிக்க முடிந்ததே இல்லை. காரணமில்லாமல் அப்படிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கண்டெடுத்த நாய்க்கு நோட்டீஸ் ஒட்டும்போது எல்லா அடையாளத்தையும் எழுதிவிடாதே. வயிற்றடியில் இருக்கும் வெள்ளைத் திட்டு மாதிரி ஒன்றை உன்னிடமே வைத்துக்கொள். "எங்க நாய்தான்" என்று வருகிறவரிடம் அதைக் கேள், பழைய போட்டோவும் கேள். சொல்லத் தெரியாதவரிடம் கயிற்றைக் கொடுக்காதே.