ஒரே ஆறு, இரு நகரங்கள்

நோயுற்றால் காப்புறுதி அட்டையுடன் வைத்தியரை நாடும் வசதியுள்ள ஹம்பேர்க் நகரில் நாம் வாழ்கின்றோம். இந்நகரும் ஒரு காலத்தில் கொள்ளை நோய்க்கு இரையானது என்பதை எம் மாணவர் அறிதல் நன்று.

1892ஆம் ஆண்டில் வாந்திபேதியால் இங்கு ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். அன்று ஹம்பேர்க், எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே மக்களுக்கு வழங்கியது. அதே ஆற்று நீரை மணலால் வடித்து வழங்கிய அல்ரோனா பெரும்பாலும் தப்பியது. இன்று ஹம்பேர்க்கின் ஒரு பகுதியாகிவிட்ட அந்நகர் அக்காலத்தில் தனி நகராக இருந்தது. எல்லை வீதியின் ஒரு பக்கத்தில் மரணம், மறுபக்கத்தில் நலம். இவ்வேறுபாட்டை அறிஞர் றொபேர்ட் கொக் உலகுக்கு எடுத்துக்காட்டினார். நெருக்கமான சந்துகளில் வாழ்ந்த வறியோரே மிகுதியாக மடிந்தனர். 1893இல் இங்கும் வடிகட்டும் நிலையம் இயங்கத் தொடங்கியது.

அந்த எல்லை வீதி இன்று நாடுகளுக்கிடையே நீள்கின்றது. போரால் சிதைந்த யேமனில் 2017இல் பத்து இலட்சம் பேருக்கு மேல் இந்நோய் கண்டிருக்கலாமெனப் பதிவாகியது. உப்பும் சீனியும் அளவாய்க் கலந்த நீரே நோயாளர் பலரைக் காக்கும். அந்த எளிய மருந்தும் எட்டாத இடங்களிலேயே உயிர்கள் வீணாகின்றன.

1990களில் வன்னிக்கு மருந்துகள் செல்லத் தடையிருந்த காலத்தை எம் பெற்றோர் மறந்திலர். நாளை வைத்தியராகவும் தாதியராகவும் விளங்கவிருக்கும் எம் சிறாரும் வீதியின் மறுபக்கத்தில் வாழ்வோரை மறவாதிருப்பார்களாக.