நெல்லின் மீசை

கூத்தாநல்லூரில் கல்யாணப் பத்திரிகையும் மஞ்சப்பையும் அடிக்கும் சிறு ஸ்க்ரீன் பட்டறையில்தான் இந்தத் தொழிலைப் பழகினேன். எழுத்து அடிப்பது சீக்கிரமே கைவந்தது. என்னைப் பிடித்து உட்காரவைத்தது புகைப்படம். விவசாயி ஒருவர் விதைநெல் பைகளில் அச்சிட நாட்டு நெற்கதிரின் படம் கொண்டுவந்திருந்தார். வானத்தைப் பின்னால் வைத்து எடுத்தது. ஒவ்வொரு மணியின் நுனியிலும் நீண்ட மீசை.

ஸ்க்ரீனுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. துளை திறந்திருந்தால் மை இறங்கும், அடைபட்டிருந்தால் இறங்காது. அதனால் படத்தைப் புள்ளிகளாக உடைக்கிறோம். இருளில் பெரிய புள்ளி, வெளிச்சத்தில் சிறியது. துணிப்பைக்கு அங்குலத்துக்கு 40 வரிசைப் புள்ளி போதும். அவை வலையில் பிடித்து நிற்க அங்குலத்துக்கு 160 முதல் 200 இழை ஓடும் மெஷ் வேண்டும். புள்ளியும் இழையும் ஒரே போக்கில் போனால் படத்தில் அலையலையாகக் கோடு விழும். வரிசையைச் சுமார் 22 பாகை சாய்த்தால் அது அடங்கும்.

மங்கிய அறையில் ஒளிக்கு இறுகும் மருந்து பூசிக் காயவைத்த ஃப்ரேமில், புள்ளிப்படம் கறுப்பாக விழுந்த பாசிட்டிவை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுவோம். ஒளி பட்ட இடம் இறுகும். கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து திறக்கும். மருந்தில் கலக்கும் பைக்ரோமேட் உப்பு ஒளியில் மாறுவதை ஸ்காட்லாந்தின் மங்கோ பாண்டன் 1839-இல் கண்டார். அந்த உப்பு நஞ்சு; அதை விட்டு டயஸோ மருந்துக்கு மாறிய பட்டறைகளை மதிக்கிறேன். ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1962-இல் நடிகை மர்லின் மன்றோ படத்தை ஸ்க்ரீனில் அடித்தபோது மை அப்பியதும் தேய்ந்ததும்கூட அழகாயின. விதை தருபவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

"நிழலப் பாருங்க தம்பி, கடிகாரத்த அப்புறம் பாக்கலாம்" என்பார் பட்டறை பாய், எவ்வளவு நேரம் வெயிலில் காட்டுவது என்று கேட்டால். சித்திரை உச்சியில் கைநிழல் கத்தி விளிம்பாக விழும். ஐப்பசி மேகத்தில் நிழலே இருக்காது. ஒளி கூடினால் கறுப்பின் ஓரம் வழியே உள்ளே புகும். முதலில் அடைபடுவது மீசைதான். குறைந்தால் கழுவும்போது மருந்தே பெயர்ந்து மணிகள் ஒன்றாகிவிடும்.

வெயிலைச் சரியாகப் பிடித்தாலும், புள்ளியாக உடைத்த மெல்லிய கோடு அங்கங்கே அறுந்துபோகும். ஆகவே மணிகளைப் புள்ளியாக விட்டுவிட்டு, மீசையை மட்டும் பாசிட்டிவ் மேலேயே பேனாவால் முழுக்கோடாக இழுத்தோம், அசல் கதிரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. புகைப்படத்தில் கைவைக்கத் தயங்குபவர்கள் உண்டு. எனக்குத் தயக்கமில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் 174 நாட்டு ரகங்களை மீட்டெடுத்த மண் இது. மீசை அறுந்த கதிர் இங்கே வேறொரு நெல்லாகிவிடும்.

விவசாயி பாசிட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, கதிரோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். இரண்டு மணிகளுக்கு மீசையை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொன்னார். நீட்டிய பிறகே ஃப்ரேமை வெயிலுக்குக் கொண்டுபோனோம்.