பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

2009 நவம்பரில் அமெரிக்காவின் மைக்ரோசொப்ட் நிறுவனம், கள்ளப் பிரதிகளை ஓட்டுவதற்காக உள்ளமைப்பு மாற்றப்பட்ட எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டிகளைக் கண்டறிந்து, எக்ஸ்பொக்ஸ் லைவ் எனும் தன் இணையச் சேவையிலிருந்து அவற்றை விலக்கியது.

களவுக்கு நாம் பரிந்துபேச வரவில்லை. படைத்தவன் உழைப்புக்குக் கூலி வேண்டும். ஆட்டத்தில் நேர்மையும் வேண்டும். ஆயினும் அத்தண்டனை விழுந்தது ஆளின்மேலன்று, பெட்டியின்மேல். மாற்றியவர் அதனை விற்றுவிட்டு, வேறொரு பெட்டியில் தம் பழைய கணக்கோடே மீண்டும் ஆடலாம். மலிவென்று நம்பி அதை வாங்கிய தந்தையின் பிள்ளையோ, தோழரோடு இணையத்திற் கூடமுடியாமல் வீட்டில் தனித்தே ஆடவேண்டும். அப்பிள்ளை செய்த குற்றம் யாது?

விற்போர் உண்மையைச் சொல்லி விற்கட்டும். வாங்கும் பெற்றோரும், பணம் கொடுக்குமுன் பெட்டியை இணையத்தில் இணைத்துப் பார்த்துக்கொள்வதே நலம்.