அழுதுகொண்டே எழுதிய நிருபம்

மணலி,
சனி இரவு

அன்புத் தம்பிக்கு,

குவைத்தில் உனக்கு வேலை போனதைவிட, "சபையில எல்லாரும் கைதட்டிப் பாடுறாங்க, எனக்கு ஒண்ணுமே தோணல. விசுவாசம் போயிடுச்சாக்கா?" என்று நீ கேட்டதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

சம்பளம் ஏறினால், பிள்ளை பாஸானால் வருகிற மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதுவும் ஆண்டவர் கொடுப்பதுதான். ஆனால் வந்த காரணம் போனால் அதுவும் கூடவே போய்விடும். கர்த்தருக்குள் இருக்கிற சந்தோஷத்துக்கு முகத்தில் சிரிப்பு இருந்தாக வேண்டும் என்றில்லை. "விசுவாசி சோர்ந்துபோகக் கூடாது" என்று மைக்கில் முழங்குகிறவர்கள் பிலிப்பியர் நிருபத்தை முழுசாகப் படித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நாலே அதிகாரம். சந்தோஷப்படச் சொல்லி, அதை எழுதிய பவுல் அதில் திரும்பத் திரும்ப எழுதுகிறார். எழுதினது காவலில் இருந்துகொண்டு. சாவா விடுதலையா என்று தெரியாத நேரம். அதே நிருபத்தில், மூன்றாம் அதிகாரத்தில், அழுதுகொண்டே சொல்கிறேன் என்கிறார். இரண்டாம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து வருகிறார், பார்த்திருக்கிறாயா? பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பியதைப் பவுலிடம் கொண்டுவந்தவர், வந்த இடத்தில் நோயில் விழுந்து சாகக் கிடந்தார். தனக்கு முடியாமல் போனது ஊர்க்காரர் காதுக்கு எட்டிவிட்டதே என்று வேறு கலங்கினாராம். வேலை போனதை அம்மாவிடம் மறைத்துத் தவிக்கிற உன்னை மாதிரியே! அந்த ஆள் போயிருந்தால் தனக்குத் துக்கம் கூடிப்போயிருக்கும் என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். அந்த மனுஷனைக் குறைவாகப் பேசவில்லை; கனம்பண்ணச் சொல்லி ஊருக்கு அனுப்பிவைக்கிறார்.

பவுல் சொல்கிற இந்தச் சந்தோஷத்தை நான் நேரிலும் பார்த்தேன். 2023 டிசம்பர் உனக்கு நினைவிருக்கும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு நம் மணலிப் பக்கமிருந்து போன எண்ணெய் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படர்ந்தது. படகு, வலை எல்லாம் கறுப்பு. மீனை வாங்க ஆளில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, சனம் வீட்டைப் போட்டுவிட்டு ஓடியது.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எண்ணூர்ப் பக்கத்து அக்கா ஒருத்தர் பழைய சேலையில் வந்தார். சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். "எனக்குக் கோபந்தான் இருக்கு. ஆனா அவரை விட்டா எங்க போவேன்?" அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். பிறகு நிவாரணம் கேட்டு மனு கொடுக்கவும் அலைந்தார். ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கத்திய எங்களைவிட, பவுல் சொன்ன சந்தோஷம் அவரிடம்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

பாட்டு வரவில்லையென்றால் சும்மா உட்கார்ந்திரு. போவதை மட்டும் நிறுத்தாதே. வேலை விஷயத்தை அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிவிட்டேன், இனி மறைக்க வேண்டாம். டிக்கெட்டுக்குப் பணம் குறைந்தால் கேள். சீட்டுப் பணம் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அக்கா