மார்பளவு தண்ணீரில்

எங்கள் உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலைக் கல்வெட்டுத்தான் ஞாபகம் வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. யார் தேர்தலில் நிற்கலாம், யார் கூடாது என்று வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து அதைப் பார்த்துவிட்டு, ஒரு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதே கல்வெட்டில் ‘ஏரி வாரியம்’ என்று ஒரு குழு வருகிறதே, எங்கள் ஏரி இன்னும் அப்படியே இருக்கிறதே, அதை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. வைரமேகத் தடாகம் என்பது பழைய பேர். பல்லவர் காலத்து ஏரி. நல்ல மழை வருஷத்தில் கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாது.

நான் நீச்சல் கற்றது அந்த ஏரியில்தான். சொல்லிக்கொடுத்தது ஆயா. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டு, பத்து நாளில் நீந்தவும் வைத்துவிட்டாள். அதோடு விட்டாளா? “இப்போ பாவாடை தாவணியோட இறங்குடி” என்றாள். மார்பளவு தண்ணீரில்தான். ஈரத்துணி காலைச் சுற்றிக்கொண்டு இழுக்கும் பாருங்கள், அழுகையே வந்துவிட்டது. “ஆழத்துல நல்லா நீந்தறேனே, இங்கே எதுக்கு ஆயா இந்தக் கஷ்டம்?” என்றேன். “தண்ணியில தவறி விழறவ, துணியை மாத்திக்கிட்டா விழறா? அங்கே போய்க் கத்துக்க முடியாது. காலை ஊனினா நிக்கலாம்கிற இடத்துலதான் இதெல்லாம் பழகணும்” என்றாள். அந்தக் கோடை முழுக்க அதேதான். துணியோடு நீந்து, துணியோடு மல்லாக்க மித, கண்ணை மூடிக்கொண்டு கரைக்கு வா!

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஒரு வாய்க்கால் ஓரமாக நடந்துபோகும்போது கால் வழுக்கி உள்ளே போய்விட்டேன், நூல்புடவையோடு. கைகாலை உதைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. தானாக மல்லாந்துவிட்டேன். கொஞ்ச தூரம் தள்ளிக் கரையோரப் புதரைப் பிடித்து ஏறி வந்தேன். வீட்டில் இதைச் சொல்லி மாளாது. அவர் இன்னும் சொல்லிச் சொல்லித் திட்டுகிறார்.

இந்தக் கதையெல்லாம் எதற்கென்றால், என் பெண்ணுக்காக. சென்னையில் வேலை பார்க்கிறாள். சிநேகிதிகளோடு சேர்ந்து ‘கயாக்’ என்று ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. வடதுருவப் பக்கத்து எஸ்கிமோக்கள் சீல் தோலில் கட்டிய ஒற்றை ஆள் ஓடம்தான் அதற்கு மூலம். இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. உள்ளே காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பால் தள்ள வேண்டும். பாறையும் நுரையுமாகப் பாய்கிற மலையாற்றில் இதை ஓட்டுவது ஒரு விளையாட்டு. போன வருஷம் யாரோ அழைத்தார்கள் என்று, பழகி நாலு மாதம் கூட ஆகாமல், வடக்கே ஒரு முரட்டு ஆற்றில் இறங்கிவிட்டாள். படகு கவிழ்ந்து, தோள்மூட்டு நழுவி, கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

இந்த வருஷம் மறுபடியும் போகிறேன் என்றபோது அவர் ஒரே வார்த்தையில் “கூடாது” என்றுவிட்டார். பெண் சாப்பிடாமல் எழுந்து போனாள். நான்தான், “கூடப் போய்ப் பார்த்துட்டு வரேன். அதுவரைக்கும் ஆமாம்னும் சொல்லாதீங்க, இல்லைன்னும் சொல்லாதீங்க” என்று சமாதானம் செய்தேன்.

ஆவணிக் கடைசியில் கிளம்பினோம். செங்கல்பட்டுக்கு பஸ், அங்கிருந்து சென்னை, ராத்திரி சென்ட்ரலில் மங்களூர் மெயில். புளியோதரைப் பொட்டலம் பாலக்காடு வருவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. காலையில் கோழிக்கோட்டில் இறங்கி, பஸ்ஸில் கோடஞ்சேரி. வழி நெடுக ரப்பர், பாக்கு, ஜாதிக்காய். துஷாரகிரி அருவிப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் சாலிப்புழா, கீழே இருவஞ்சிப்புழாவோடு சேருகிறது. 2013-ல் இங்கே தொடங்கிய கயாக் போட்டிக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருக்கிறார்கள். அது மழை உச்சத்தில், ஆறு கொதிக்கிற நேரத்தில். நாங்கள் போனபோது மழை ஓய்ந்து, தண்ணீர் தணிந்து, கூழாங்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஆற்றுக்கா இவ்வளவு தூரம் என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது! ஆறுகளின் வேகத்தை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஆறாம் தரம் என்றால் உயிரோடு விளையாட்டு. நாங்கள் நின்ற இடம் அன்றைக்கு இரண்டாம் தரம் என்றார், சொல்லிக்கொடுக்கிற மலையாளப் பையன்.

என் பெண் நேரே கீழே ஓட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளோ ஒரே இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். ஆற்று நடுவில் ஒரு பாறை. அதன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி, மேல்நோக்கி மெதுவாக வரும். ஓடுகிற தண்ணீரிலிருந்து சட்டென்று திரும்பி அந்தச் சின்ன இடத்துக்குள் படகை நுழைத்து நிறுத்த வேண்டும். இரண்டு ஓட்டமும் உரசுகிற கோட்டில்தான் படகு கவிழும். சைக்கிளில் வளைவில் சாய்கிறோமே, அதே மாதிரி திரும்புகிற பக்கம் சாய வேண்டும். மறந்து மறுபக்கம் சாய்ந்தால் தலைகுப்புறத்தான். மறுபடி வெளியே வந்து, படகின் மூக்கை ஓட்டத்துக்கு எதிரே கொஞ்சம் சாய்வாக வைத்து, கீழே அடித்துக்கொண்டு போகாமல் அக்கரை சேர வேண்டும். அதுவும் முடிந்தபின் பாறைக்குப் பாறை தாவினாற்போல மேல்நோக்கி ஏறி வர வேண்டும். பதினேழு தடவை எண்ணினேன். பாதியில் கவிழ்ந்தவைதான் அதிகம்.

“சேச்சி, இது பெரிய ஆத்துல பண்ற வேலை” என்றான் அந்தப் பையன், அவனுக்குத் தெரிந்த தமிழில். “அங்கே ஒரு சான்ஸ்தான் கிடைக்கும். பயத்துல உடம்பு கட்டையா ஆயிடும். தப்பு என்னன்னு யோசிக்கவே நேரம் இருக்காது. இங்கே தப்பினா நனையும், அவ்வளவுதான். அதனால இங்கே சுலபமான வழியில போக விடமாட்டேன். பெரிய பாறையை விட்டுட்டு சின்னப் பாறைக்குப் பின்னாடி நிறுத்தச் சொல்வேன், கடைசி நிமிஷத்துல திரும்பச் சொல்வேன்.”

எனக்கு ஆயா ஏரியில் நின்று அதட்டுகிற மாதிரியே இருந்தது.

தோள் விஷயத்தைக் கேட்டேன். கையைத் தலைக்கு மேலேயோ முதுகுக்குப் பின்னாலோ வீசும்போதுதான் மூட்டு நழுவுகிறதாம். முழங்கை தாழ்ந்து, கைகள் எப்போதும் உடம்புக்கு முன்னால் இருக்க வேண்டுமாம். கவிழ்ந்தால் கையால் இழுத்து எழக் கூடாது. இடுப்பை வெட்டித்தான் படகை நிமிர்த்த வேண்டும், தலை கடைசியாக மேலே வர வேண்டும். நமக்கோ மூச்சுக்குத் தவித்துத் தலையைத்தான் முதலில் தூக்கத் தோன்றும்! இதை முதல் நாள் அசையாத மடுவில் செய்தாள். மறுநாள் வேண்டுமென்றே மெதுவான ஓட்டத்தில் கவிழ்ந்து எழுந்தாள். வலப்பக்கம், பிறகு அடிபட்ட இடப்பக்கம். தலை தண்ணீருக்குள் போகும்போதெல்லாம் நான் எண்ண ஆரம்பித்துவிடுவேன். ஒருமுறை ஒன்பது வரை போயிற்று. எழ முடியாமல், இடுப்பில் மாட்டியிருந்த ரப்பர் பாவாடையின் பட்டையை இழுத்து வெளியே வந்தாள். முதன்முதலில் கற்றுக்கொடுப்பதே அந்தப் பட்டையை இழுப்பதைத்தான் என்று தெரிந்தபிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சுலபமான ஆறு என்றால் அசட்டையாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை, சகோதரிகளே. ஹெல்மெட்டும் மிதவைச் சட்டையும் இல்லாமல் ஒருத்தரும் இறங்கவில்லை. தனியாகவும் யாரும் போகவில்லை. ஓட்டத்தில் விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது, பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, பாதம் முன்னால் வர மிதக்க வேண்டும். விழுந்து கிடக்கிற மரத்துப் பக்கமே போகக் கூடாது, தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போகும், ஆள் சிக்கிக்கொள்வார். மலையில் மேகம் கறுத்தால் அப்போதே கரை ஏறிவிட வேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம் அப்படித்தான் எல்லோரையும் ஏற்றிவிட்டார்கள். கரையில் இருந்த எங்கள் மேல் ஒரு தூறல்கூட இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் அந்தப் பாறை முழுகிவிட்டது.

அன்று ராத்திரி அவருக்கு போன் போட்டேன். “என்ன சொல்றே?” என்றார்.

“போகட்டும். ஆனா இந்த வருஷம் பூரா இந்த மாதிரி ஆறுதான். இடப்பக்கம் கவிழ்ந்து பத்துக்குப் பத்தும் எழற வரைக்கும் அடுத்த தரம் கிடையாது. அவளே ஒத்துக்கிட்டா.”

“யார் எண்றது?”

“நான்தான், வேற யாரு?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “வரும்போது கோழிக்கோட்டு அல்வா ஒரு கிலோ வாங்கிட்டு வா. கறுப்பு” என்றார்.