யன்னலில் விழுந்த கீறல்

புத்தளத்தில் எங்கள் வீட்டு முன் யன்னலின் வெளிப்புறக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் படிந்திருந்தன. பெருநாளைக்கு முதல் நாள் மகளைத் துடைக்கச் சொன்னேன். சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் துடைத்தாள். காய்ந்ததும் புள்ளிகள் அப்படியே தெரிந்தன. "வேலையில் உனக்குக் கவனமே இல்லை" என்று ஏசினேன். அவள் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

பிறகு நானே சட்டி தேய்க்கும் கம்பித் தும்பை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். கண்ணாடி முழுக்கக் கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

பெருநாளன்று வந்த என் ராத்தா அதைப் பார்த்துவிட்டு, "உன் கேத்தலுக்குள் படிவதும் இதுதானே" என்றார். உண்மைதான். எங்கள் சுண்ணக்கல் பூமியின் கிணற்று நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. கண்ணாடியில் தெறித்த துளி வெயிலில் காய்ந்தால் சுண்ணாம்பு மட்டும் தங்கிவிடும். சவர்க்காரத்துக்கு அது அசையாது. வினாகிரியில் நனைத்த துணியைப் 10 நிமிடம் ஒட்டி வைத்து, கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்தால் கரைந்துவிடும். நெடுநாள் விட்டால் கண்ணாடியையே அரித்துவிடும். பிறகு வினாகிரிக்கும் போகாது.

தினமும் பூச்செடிகளுக்குக் குழாயால் நீர் அடித்து அந்த யன்னலை நனைத்தவள் நானேதான்.

மகளிடம் போய், "பிழை என்னுடையதுதான் மகள்" என்றேன். "அதற்கென்ன உம்மா" என்று சிரித்தாள். இருவருமாக வினாகிரி போட்டோம். புள்ளிகள் போயின, கீறல்கள் இன்னும் இருக்கின்றன.

சகோதரிகளே, கண்ணாடியைத் தேய்க்குமுன் கறை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பிள்ளையை ஏசுமுன்னும் அப்படியே.