அடக்க விலை: சில குறிப்புகள்

கோயம்பேட்டில் 20 கிலோ தக்காளி 400 ரூபாய்க்கு எடுத்து, தெருக்கடையில் கிலோ 30 என்று எழுதிப் போட்டால், "கிலோவுக்குப் பத்து ரூபாயா!" என்று வாங்க வருகிறவர் கேட்கிறார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏற்றுக்கூலி, வண்டி வாடகை 60. ஆக, முதல் 460. நசுங்கியது, அழுகியது 2 கிலோ என்றால் விற்க மிஞ்சுவது 18. அப்போதே அடக்கம் கிலோவுக்கு 25 ரூபாயைத் தாண்டிவிட்டது. பதினான்கு கிலோ 30-க்குப் போகிறது. இருட்டியபின் கடைசி நான்கு கிலோவை 20-க்குத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. கல்லாவில் 500. மிச்சம் 40. கடை வாடகையும் கரண்ட் பில்லும் இதற்குள்தான்.

சதவீதத்தில் தடுக்கி விழுகிறவர்கள் அதிகம். 80 ரூபாய்ப் பொருளை 100-க்கு விற்றால் முதலின் மேல் லாபம் 25 சதவீதம், விற்பனையின் மேல் 20. "25 வைத்திருக்கிறேனே" என்ற தைரியத்தில் 20 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் கைக்கு வருவது போட்ட 80 மட்டுமே. ஆடித் தள்ளுபடிக்கு முன் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது.

மளிகையில் எல்லாச் சரக்குக்கும் ஒரே லாபம் வைப்பதில்லை, வைக்கவும் கூடாது. சர்க்கரை விலை ஊருக்கே தெரியும். அதில் கை வைத்தால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஏலக்காய், கசகசா விலையை அவ்வளவாக யாரும் ஒப்பிடுவதில்லை. மெதுவாக நகரும் சரக்கில் பணம் மாதக்கணக்கில் முடங்குவதால் அங்கே லாபம் கூடுதலாக வைப்பது நியாயமே.

பாக்கெட் சாமானில் கடைக்காரருக்கு அதிக இடமில்லை. அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் வரியும் அடக்கம்; அதற்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம், குறைத்து விற்கத் தடையில்லை. கம்பெனி விட்டுவைக்கும் இடைவெளியே அவர் வருமானம்.

தங்கத்தின் அன்றைய விலையைப் பலகையிலேயே எழுதி வைக்கிறார்கள். அதனால் நகைக்கடையின் லாபத்தைச் செய்கூலியிலும் சேதாரத்திலும் தேட வேண்டும். இரண்டு கடை பார்த்து வாங்குகிறவர்கள் ஒப்பிட வேண்டியது அவற்றைத்தான்.

காய்கறிக் கடை தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு மாதம் தினமும் இரவில் கழிவைத் தராசில் வைத்து எழுதுங்கள். அந்தக் கணக்கு கையில் இல்லாமல் விலை போடாதீர்கள்.